நோயாளி பேசாத அறிக்கை

இறையியலில் முதுகலைப் பட்டம் படிக்க நான் மலையேறிக் கேரளாவுக்குப் போனபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முன் பதினோரு வருடமாகக் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையை நடத்தி வந்தேன். தகரக்கூரை போட்ட கூடம். ஒரு பக்கத்து ஜன்னல்களைத் திறந்தால் திராட்சைத் தோட்டம். அறுபது எழுபது பேர் வருவார்கள். தோட்ட வேலைக்காரர்கள், தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பெண்கள், இரண்டு மூன்று டிரைவர்கள். இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று எல்லோரும் கேட்டார்கள். வேதத்தை மூல மொழியில் வாசிக்க ஆசை என்று சபையாரிடம் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டாமா என்று சக ஊழியக்காரர்களிடம் சொன்னேன். என் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

உண்மையில் நான் படிக்கப் போகவில்லை. ஒருவருடைய இருமலிலிருந்து தப்பித்துப் போனேன்.

அவர் கம்பத்தைத் தாண்டி இருக்கிற கூடலூரில் ஜீப் ஓட்டினார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மனைவி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தார். இருவரும் என் கையால் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். ஆண்கள் வரிசையில் கடைசி ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகு சாய்த்து உட்காருவார். பாட்டுப் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு, ஜீப் ஓட்டுகிறவர் மாதிரியே இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொள்வார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்து நிற்காமல் போனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்து கொடுத்துவிட்டுப் போவார். சபையில் அவருக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். இரண்டரை மாதத்தில் இருமல் குறைந்தது. உடம்பில் சதை வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவர் எழுந்து நின்று, கர்த்தர் தன்னைத் தொட்டார் என்றார். சட்டைப்பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் இறங்கிப் போய் அதை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன்.

"இந்த மாத்திரைக்கும் இந்தத் தம்பிக்கும் இனி என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றது சபை. ஸ்தோத்திரச் சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. நான் அழுதேன். அவரும் அழுதார். அட்டையை அவருடைய பையிலேயே திரும்ப வைத்தேன்.

நான் ஏமாற்றவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். நான் சொன்னதை முழுதாக நம்பினேன். அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஏமாற்றியிருந்தால் எந்த இடத்தில் திருந்த வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

அவர் மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதம் கழித்துச் சளியில் ரத்தம் வந்தது. தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பழைய மாத்திரை இனிக் கேட்காது, கிருமிக்கு அது பழகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். புது மருந்துகள் கொடுத்தார்கள். அவர்கள் குறை வைக்கவில்லை. உடம்புதான் தாங்கவில்லை. அந்த வார்டுக்கு நான் எட்டு முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஜெபம் முடித்து நான் ஆமென் சொன்னதும் அவர் இருமுவார். ஆமென், பிறகு இருமல். ஒருமுறைகூட அது மாறவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தம் என்றார்கள். அவருடைய மனைவி என் முன்னால் வந்து கைகூப்பினார். நர்ஸம்மா ஸ்கூட்டரை நிறுத்தி அதன் பக்கத்திலேயே நின்றார். நான் அவரைக் கடந்தபோது, என்னைப் பார்க்காமல், "ஆறு மாசம் முழுங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் நிற்காமல் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆண்கள் வரிசையில் அந்தக் கடைசி ஜன்னலுக்குக் கீழே யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். தாமதமாக வருகிறவர்கள்கூட வாசல்படியில் உட்கார்ந்தார்களே தவிர அங்கே போகவில்லை. ஒரு ஆள் அகலத்துக்குப் பாய் தனியாகக் கிடந்தது. நான் பிரசங்கத்தை முடித்து ஜெபித்து ஆமென் சொன்ன அந்த நிமிடத்தில், அந்த இடத்திலிருந்து இருமல் கேட்டது. பேய் என்று நான் நினைக்கவில்லை. பேய்களைத் துரத்துவது என் வேலைகளில் ஒன்று. இதைத் துரத்த எனக்கு வாய் வரவில்லை. மெல்ல மெல்ல ஜெபத்தை ஆமென் சொல்லாமல் பாட்டில் கொண்டுபோய் முடிக்கப் பழகினேன். மூன்று மாதம் அப்படி ஓட்டினேன். பிறகு விண்ணப்பம் போட்டேன்.

தேனியில் எங்கள் சபைகளுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த பாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "முழங்கால்ல நின்னு படிச்சவக நாம. அங்கன போயி இந்த வேதத்த யாரு எழுதுனா, எப்ப எழுதுனான்னு ஆராய்ச்சி பண்ணிட்டு வருவீக. அப்புறம் வியாதிக்காரன் மேல கை வைக்கக் கை வராது" என்றார்.

"கை ஏற்கனவே வரல ஐயா" என்று சொல்ல நினைத்துக்கொண்டேன்.

சபையை என் மனைவி பார்த்துக்கொண்டாள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு பக்கத்து ஊர் ஊழியர் ஒருவர் வந்து பிரசங்கித்தார்.

கல்லூரி கோட்டயம் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். நான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவன். என்னோடு படித்தவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார்கள். கிரேக்க வினைச்சொற்களை அவர்கள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்ததை நான் ஒரு மாதம் உருட்டினேன். மழை பெய்துகொண்டே இருந்தது. முதல் பருவத்தில் இருமல் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் பகுதியை ஒரு நாள் வகுப்பில் எடுத்தார்கள். நூறு முறை நான் பிரசங்கித்த பகுதி. அந்தக் காலத்தில் எண்ணெய் மருந்தாகவும் இருந்தது, காயத்துக்குப் போட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே கையில் இருந்திருக்கின்றன. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதும் அதே இடத்தில்தான் வருகிறது. அந்த வரியில் நான் ஒருநாளும் நின்றதில்லை. பக்கத்துப் பையன்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடிவைத்தேன்.

இரண்டாம் வருடம் போதகப் பணி என்று ஒரு பாடம். அதை நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், மலையாளி. சிரிப்பே வராத பெண். அவர் கொடுத்த வேலை இது: நீங்கள் சந்தித்த ஒரு நோயாளியைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். நீங்கள் என்ன பேசினீர்கள், அவர் என்ன பேசினார், நாடகம் மாதிரி வரிக்கு வரி. விளக்கம் கூடாது.

நான் வேறு யாரையாவது எழுதியிருக்கலாம். கால் முறிந்த திராட்சை வியாபாரி இருந்தார். பிரசவத்துக்குப் பயந்த ஒரு பெண் இருந்தார். ஆனால் கை அவரைத்தான் எழுதியது. ஜெபத்தில் ஆரம்பித்து, சாட்சி, ஆஸ்பத்திரி வார்டு, சாவு வரை ஆறு பக்கம். மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டியதை எழுதவில்லை. 'நோயாளி மருந்தை நிறுத்திக்கொண்டார்' என்று ஒரே வரியில் கடந்து போனேன்.

ஒரு வாரம் கழித்து அறிக்கை திரும்பி வந்தது. மதிப்பெண் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'ஆறு பக்கத்திலும் நோயாளி பேசவே இல்லையே?'

புரட்டிப் பார்த்தேன். நான் பேசியிருந்தேன். சபை பேசியிருந்தது. டாக்டர் பேசியிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. சாட்சியைக்கூட நான்தான் என் வார்த்தையில் சுருக்கிச் சொல்லியிருந்தேன். விடுதி அறையில் உட்கார்ந்து, அவர் என்னிடம் கடைசியாக என்ன பேசினார் என்று யோசித்தேன். வரவில்லை. குரல் ஞாபகம் இல்லை. இருமல்தான் ஞாபகம் இருந்தது. இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போது வந்தது. அந்தச் சாட்சி ஞாயிறு மத்தியானம், எல்லோரும் போன பிறகு, நான் பைக்கை எடுக்கப் போனேன். அவர் ஜீப்பின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, மெதுவாக, கேட்கலாமா கூடாதா என்கிற மாதிரி கேட்டார்.

"பாஸ்டரையா, நர்ஸம்மா மாத்திரைய நடுவுல நிறுத்தவே கூடாதுன்னு சொன்னாக. என்ன செய்யட்டும்?"

எனக்குப் பசி. அடுத்து கம்பத்தில் ஒரு வீட்டு ஜெபம் இருந்தது. பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னேன்.

"நீ யாரை நம்புற தம்பி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்கையா" என்றார். அவ்வளவுதான். வேறு யாரும் கேட்கவில்லை. சபை முன்னால் நான் அட்டையைத் தூக்கிப் பிடித்ததை ஆவேசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இது ஆவேசம் இல்லை. அந்த மனிதர் சந்தேகப்பட்டிருக்கிறார். பிழைக்க ஒரு வழி தேடி என்னிடம் வந்திருக்கிறார். அந்தக் கதவை நான் சாத்தியிருக்கிறேன், அதுவும் அவசரத்தில். பிறகு அதை மறந்தும் போயிருக்கிறேன்.

அதை எழுதினேன். இரண்டாவது அறிக்கை ஒரு பக்கம்கூட வரவில்லை. ஆசிரியர் அதை என் முன்னாலேயே வாசித்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"இது என்னோடு பறைய வேண்டிய காரியம் இல்லை, பாஸ்டரே."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். குமுளிக்கு பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் கூடலூர். நான் ஏறவில்லை. விடுமுறைகளில் ஊருக்கு வந்தபோதும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அன்றிலிருந்து இருமல் கல்லூரியிலும் கேட்கத் தொடங்கியது. சிற்றாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் அமைதியாக நிற்கும் அந்தச் சில நொடிகளில், பின்வரிசையிலிருந்து வரும். திரும்பிப் பார்த்தால் சுவர் இருக்கும்.

பட்டமளிப்புக்கு என் மனைவி வந்தாள். கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்தோம். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பச்சை ஏலக்காய், நல்ல பருத்த காய். "அந்த டிரைவர் சம்சாரம் குடுத்துவிட்டாக. பாஸ்டரு பாஸாயிட்டாகன்னு அம்புட்டு சந்தோசம் அவுகளுக்கு" என்றாள். அந்த வாசனை என் பெட்டியிலிருந்து வெகுநாள் போகவில்லை.

ஊர் திரும்பியபோது வாசலில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். என் படம், பக்கத்தில் பட்டத்தின் எழுத்துகள், என் முகத்தைவிடப் பெரியதாக. கூடத்துக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். கடைசி ஜன்னலுக்குக் கீழே இன்னும் யாரும் உட்காரவில்லை. நான் போனபிறகு சபையில் சேர்ந்து, அவரைப் பார்த்தே இராத புதியவர்களும் அந்த இடத்தைத் தாண்டித்தான் உட்கார்ந்தார்கள்.

ஒன்பது மாதம் பிரசங்கம் செய்தேன். கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். வியாதிக்காரர்களுக்காகச் சத்தமில்லாமல் ஜெபித்தேன். பாஸ்டருக்கு முந்தின அக்கினி இல்லை என்று பேச்சு கிளம்பியது. இரண்டு குடும்பத்தார் உத்தமபாளையம் பக்கம் வேறு சபைக்குப் போனார்கள்.

பிறகு ஒரு வேலைநாளில் கேரளாவில் ஹர்த்தால். ஜீப் எதுவும் மலையேறவில்லை. தோட்டத்துப் பெண்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கூடலூர் போனேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை.

டிரைவரின் மனைவி, அந்த அம்மா, வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். ஜீப் பக்கத்தில் அவர் கேட்டதை, நான் பதில் சொன்னதை, வார்த்தைக்கு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் பாஸ்டரையா" என்றார். "அன்னிக்கே வந்து சொன்னாரு. ரெண்டு நாள் அந்த அட்டைய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. முழுங்கவும் இல்ல, தூக்கிப் போடவும் இல்ல. நாந்தான் சண்ட போட்டேன். பாஸ்டரு சொன்னப்புறமும் ஒனக்கு என்ன சந்தேகம்னு கேட்டேன். மிச்ச மாத்திரையெல்லாம் நாந்தான் எடுத்து வாய்க்கால்ல போட்டேன்."

நான் கேட்டேன்.

"இத்தன வருசம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலசிய துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "நீங்க படிக்கப் போயிட்டீக. நான் எங்கன போறது? விடிஞ்சா அதே ஜீப்பு ஸ்டாண்டு. அதே வண்டி, வேற டிரைவரு. அதுலதான ஏறிப் போறேன்."

என் மனைவி எழுந்து போய் அவருடைய கையிலிருந்த துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பிழிந்தார்கள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். "அத அவருகிட்டல்ல கேக்கணும்" என்றார் அவர். துணியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு, "சபையில சொல்லுவீகளா?" என்று கேட்டார்.

"சொல்றேன். என் பங்க மட்டும்."

திரும்பி வரும்போது வீரபாண்டி போகிற ரோட்டில்தான் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்கு வராமல் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். நிறுத்தியதும் என் மனைவி சொன்னாள். "மூணு வருசம் வாரா வாரம் அந்த வீட்டுக்குப் போயி ஜெபம் பண்ணேன். நீங்க, அவுக, ரெண்டு பேருல ஒருத்தரு கூட எங்கிட்ட வாயத் திறக்கல." அவள் அழுவதை நான் அதற்கு முன் ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சொன்னேன். பிரசங்கமாகச் சொல்லவில்லை, கீழே இறங்கி நின்று சொன்னேன். முடித்ததும் பெண்கள் வரிசையில் அந்த அம்மா எழுந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. வாய்க்காலில் போட்டதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஸ்தோத்திரம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெரியவர் மட்டும், தானும் அன்று 'ஒண்ணுமில்ல' என்று கத்தியதாகச் சொன்னார். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மூத்த பாஸ்டர் போன் செய்தார். படிப்பு என் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டது என்றார். எங்கள் சபைகளின் கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சபையில் பாதிப் பேர் மிஞ்சினார்கள். அந்த அம்மா இரண்டு மாதம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, தன்னோடு ஜீப்பில் வேலைக்கு வருகிற ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு அதே வியாதி.

"ஜெபம் பண்ணுங்க பாஸ்டரையா. மாத்திரைய நான் பாத்துக்கிறேன். தெனமும் ஜீப்புல வச்சு என் கண்ணு முன்னால முழுங்கச் சொல்லிருக்கேன்."

கை வைத்தேன். சுகம் என்று அறிவிக்கவில்லை. நர்ஸம்மாவுக்காகவும் மாத்திரைக்காகவும் ஜெபித்தேன். அந்தப் பெண் ஆறு மாதம் முழுங்கி எழுந்துவிட்டார். அவருடைய சாட்சியைக் கேட்டபோது சந்தோஷப்பட்டேன். இவருக்குச் செய்ததை அந்த டிரைவருக்கும் செய்திருக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அது போகிற எண்ணம் இல்லை.

சென்ற மாதம் மயிலாடும்பாறையிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். படிக்கப் போகலாமா, ஊழியத்துக்கு அது பிரயோஜனப்படுமா என்று கேட்டார். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பப் போகவா, வேண்டாமா?" என்றார். போங்கள் என்றேன். அந்தப் பென்சில் வரியை இங்கே யாரும் எனக்கு எழுதியிருக்க மாட்டார்கள். நான் ஆமென் சொல்பவர்களுக்கு நடுவிலேயே இருந்தவன். ஆனால் அந்த வரிக்காக ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். அவர் விண்ணப்பப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போவாரா என்று தெரியவில்லை.

அந்த அம்மா இப்போது வாராவாரம் வருகிறார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வருவதில்லை. அன்று திருவிருந்து. அப்பத்தை என் கையால்தான் கொடுப்பேன். ஏழெட்டு மாதம் கவனித்துவிட்டு, போன வாரம் அவரிடமே கேட்டேன். கேட்காமல் இருந்து பார்த்தவன் நான்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல், "இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும் பாஸ்டரையா" என்றார்.

சரி என்றேன்.